எதிர்வீடு அப்படியே நிற்கிறது: டொர்னாடோவுக்குப் பிறகு நம்பிக்கையும் பரிவும்

வெள்ளம் வந்தால் ஊரே நனையும். புயல் கரையைக் கடந்தால் மாவட்டமே இருட்டில் கிடக்கும். டொர்னாடோ அப்படியில்லை. மேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் அந்தச் சுழற்காற்று, பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலமே உள்ள ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கோட்டுக்குள் அகப்பட்ட வீட்டில் சிமெண்டுத் தரை மட்டும் மிஞ்சும். கோட்டுக்கு வெளியே, தெருவின் எதிர்ச்சாரியில், வாசலில் வைத்த பூந்தொட்டிகூடக் கவிழாமல் இருக்கும்.

தமிழில் பல நேரம் புயலையும் இதையும் சேர்த்துச் ‘சூறாவளி’ என்றே எழுதிவிடுகிறோம். இரண்டும் வேறு. கடலில் உருவாகும் புயலை வானிலை ஆய்வாளர்கள் நாள்கணக்கில் பின்தொடர்ந்து, எங்கே கரை கடக்கும் என்று சொல்வார்கள். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப நேரம் இருக்கும். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து இறங்குவது. எச்சரிக்கைக்கும் அடிக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தாலே நல்லது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. பெரும்பாலானவை கூரையைப் பிய்த்து, மரத்தைச் சாய்த்துவிட்டு அடங்கிவிடும். விட்டுப்போன சேதத்தைப் பார்த்து அவற்றை இஎஃப் 0 முதல் இஎஃப் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 5 என்றால் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். நன்றாகக் கட்டிய வீட்டையும் அது துடைத்து எடுத்துவிடும்.

அந்தக் குறுகலான கோட்டிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. ஒன்று, ‘ஏன் என் வீடு? எதிர்வீடு ஏன் இல்லை?’ என்ற கேள்வி. எல்லோரும் சேர்ந்து மூழ்கிய ஊரில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. இன்னொன்று, உதவி வந்து சேரும் வேகம். அரை கிலோமீட்டர் தள்ளி, கூரையும் வண்டியும் சமையலறையும் தப்பித்த மனிதர்கள் இருக்கிறார்கள். காற்று அடங்கிய பத்தாவது நிமிடத்தில் கையில் டார்ச் விளக்கோடு வந்துவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

டொர்னாடோ அடித்த ஊர்களில் மதநம்பிக்கை என்ன செய்தது, எங்கே சறுக்கியது என்று பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொன்ன இடங்களில் நம்பிக்கை புண்படுத்தியிருக்கிறது. பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் எழுந்து மண்வெட்டியைக் கையில் எடுத்த இடங்களில் அது ஊரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

கோஷன், 1994

1994 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. அலபாமா மாநிலத்தில் பீட்மான்ட் என்ற சிற்றூருக்கு அருகே இருந்த கோஷன் ஐக்கிய மெதடிஸ்ட் தேவாலயத்தில் காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டரையொட்டிய நாடகம், பார்க்க ஊரார் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். 11.27 மணிக்கு வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்தது. தேவாலயத்துக்குள் அது யார் காதிலும் விழவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கூரையும் சுவரும் அவர்கள் மேல் சரிந்தன. 20 பேர் இறந்தார்கள். ஆராதனையை நடத்திக்கொண்டிருந்த போதகர் கெல்லி கிளெமின் நான்கு வயது மகளும் அவர்களில் ஒருத்தி.

தேவாலயத்துக்குள்ளேயே, ஆராதனை நடக்கும்போதே. ஒரு விசுவாசியிடம் இதைவிடக் கடினமான கேள்வியை எந்த நாத்திகரும் கேட்டுவிட முடியாது. கெல்லி கிளெம் தன் மகளை அடக்கம் செய்த அதே வாரத்தில் சபையாரின் அடக்க ஆராதனைகளிலும் நின்றார். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இடிபாட்டின் அருகிலேயே விடியற்காலை ஆராதனை நடந்தது, அவர் தலைமையில். அந்த நாட்களில் செய்தியாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: இந்தச் சம்பவம் மக்களின் விசுவாசத்தை நெடுநாள் அசைக்கலாம், அது இயல்புதான், ஆனால் விசுவாசம் அசைவதும் விசுவாசத்தை இழப்பதும் ஒன்றல்ல.

இதில் விளக்கம் என்று எதுவுமே இல்லை. கடவுள் இதை ஏன் அனுமதித்தார் என்று அவர் சொல்ல முயலவில்லை. கேட்பவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது என்று மட்டும் ஒப்புக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாயிலிருந்து வந்ததால் அந்த ஒப்புதலுக்கு எடை அதிகம். ‘நான் சந்தேகப்படுகிறேன், ஆகவே நான் கெட்டவள்’ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அது ஒரு விடுதலையாக இருந்திருக்கும்.

பேரிடர் நடந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்களை இதோடு வைத்துப் பார்க்கலாம். ‘எல்லாம் அவன் சித்தம்.’ ‘எது நடந்தாலும் நன்மைக்கே.’ இவற்றைவிட ஆபத்தானது மூன்றாவது ஒன்று: ‘கடவுள் உன்னைக் காப்பாற்றியிருக்கிறார், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.’ நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கேட்பவர் அப்போது எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் இறந்துபோனவரைக் காப்பாற்ற ஏன் காரணம் இல்லாமல் போனது? தப்பிப்பிழைத்தவரின் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் குற்ற உணர்வை இந்த ஒரு வாக்கியம் நெய் ஊற்றி வளர்த்துவிடும்.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் டொர்னாடோ அதிகம். அதே பகுதிகளில் பைபிள் தினசரி வாழ்க்கையின் பகுதி. ஆகவே இந்தக் கேள்வியை அங்குள்ளவர்கள் பைபிளை வைத்தே பேசுகிறார்கள். யோபுவின் பிள்ளைகள் இறந்தது பெருங்காற்றில்தான். வனாந்தரத்திலிருந்து வந்த காற்று வீட்டின் நான்கு மூலையிலும் அடித்து, வீடு அவர்கள் மேல் விழுந்தது. செய்தி கேட்டு வந்த நண்பர்கள் ஏழு பகல், ஏழு இரவு யோபுவோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாவது நாள் வாயைத் திறந்து, ‘நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்’ என்று விளக்க ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வதும் அந்த விளக்கக்காரர்களைத்தான். எலியாவின் கதையிலும் மலையைப் பிளக்கும் காற்று வருகிறது, ஆனால் கடவுள் அந்தக் காற்றில் இல்லை. பிறகு வரும் மெல்லிய சத்தத்தில் இருக்கிறார். டொர்னாடோவைக் கடவுளின் கோபமாகப் பார்க்க மறுக்கும் போதகர்கள் இந்த இடத்தில் காலூன்றி நிற்கிறார்கள். எனக்கு அது வெறும் சாமர்த்தியமான வாசிப்பாகத் தெரியவில்லை. பிள்ளையை இழந்தவர் முன்னால் நின்று பேசவேண்டியவர்கள் அந்தக் கதையில் வேறெதைப் பிடித்துக்கொள்ள முடியும்?

மஞ்சள் சட்டைக்காரர்களும் மற்றவர்களும்

அப்புறம் வேலை இருக்கிறது. மலைபோல் இருக்கிறது.

டொர்னாடோ கடந்த மறுநாள் காலை அந்தத் தெருக்களில் முதலில் கேட்கும் சத்தம் மோட்டார் ரம்பத்தின் சத்தம். வீட்டின் மேல் விழுந்த மரத்தை அறுத்து அகற்றாமல் அடுத்த வேலை எதையும் தொடங்க முடியாது. அதற்குக் கூலிக்கு ஆள் பிடித்தால் ஒரு மரத்துக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். இந்த வேலையை இலவசமாகச் செய்யும் கூட்டங்களில் பெரியது சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் பேரிடர் உதவிப் பிரிவு. மஞ்சள் சட்டையும் தொப்பியும் அவர்களின் அடையாளம். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ரம்பம் பிடிக்கவும் கூரையில் தார்ப்பாய் கட்டவும் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். 1967-ல் டெக்ஸஸைத் தாக்கிய பியூலா புயலின்போது தொடங்கியது அவர்களுடைய வேலை.

அவர்களுடைய சமையல் ஏற்பாடும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெரிய லாரிகளில் நடமாடும் சமையற்கூடம் வந்து நிற்கும். மளிகைக்குச் செஞ்சிலுவைச் சங்கம் பொறுப்பு, சமையல் பாப்டிஸ்ட் தன்னார்வலர்களுடையது, வெந்த உணவைச் சூடு ஆறாத பெட்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோவது மறுபடி செஞ்சிலுவை வண்டிகள். மத அமைப்பும் மதம் சாராத அமைப்பும் ஒரே பானையைப் பங்குபோட்டுக்கொண்ட இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது.

மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேறு மாதிரி. 1950-ல் கான்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் என்ற ஊரில் கூடிய சில இளைஞர்களிடமிருந்து மெனோனைட் பேரிடர் சேவை பிறந்தது. போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் மரபு அவர்களுடையது. இரண்டாம் உலகப் போரின்போது போர்முனைக்குப் பதிலாகப் பொதுப்பணி செய்தவர்கள், அமைதிக் காலத்திலும் அதே போல ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1990 மார்ச்சில், அந்த ஹெஸ்டன் ஊரையே எஃப் 5 (இஎஃப் அளவுகோலுக்கு முந்தைய அளவுகோலின் உச்சத் தரம்) டொர்னாடோ ஒன்று தாக்கியது. ஊர் ஊராகப் போய் வீடு கட்டிக்கொடுத்தவர்களின் ஊர் இடிபாட்டுக்கு நடுவில் நின்றது.

மெனோனைட்டுகள் ரம்பத்தோடு நிற்பதில்லை. மற்றவர்கள் கிளம்பிப் போனபிறகு வந்து, மாதக்கணக்கில் தங்கி, வீடு கட்டுவார்கள். இன்னும் பல அமைப்புகள் தங்களுக்கென்று ஒரு மூலையை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அட்வென்டிஸ்ட் சபையார் நன்கொடைப் பொருள்களின் கிடங்கைப் பார்த்துக்கொள்வார்கள். யூதர்களின் நெகாமா அமைப்பு இடிபாடு அகற்றும். பௌத்தர்களின் சூ சீ அமைப்பு கையில் பணமாகவே உதவி கொடுப்பதற்குப் பேர்போனது. ஒருவர் வேலையை இன்னொருவர் திரும்பச் செய்யாமல் இருக்க, 1969-ல் வந்த கமில் புயலின் குழப்பங்களைப் பார்த்த அமைப்புகள் சேர்ந்து 1970-ல் தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

ஒருங்கிணைப்பு இல்லாத இரக்கம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்குப் பழைய துணிகளே சாட்சி. தொலைக்காட்சியில் இடிந்த ஊரைப் பார்த்ததும் நாடெங்கும் மக்கள் அலமாரியைத் திறக்கிறார்கள். லாரி லாரியாகத் துணி வந்து இறங்குகிறது. பிரிக்க ஆள் இல்லை, வைக்க இடம் இல்லை, மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்கிறது. கடைசியில் அதை அப்புறப்படுத்தவும் அந்த ஊரே செலவு செய்ய வேண்டியிருக்கிறது. நிவாரணப் பணியாளர்கள் இதை ‘இரண்டாவது பேரிடர்’ என்று சொல்கிறார்கள். அனுப்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் பணமாகக் கொடுத்தால் அந்த ஊரில் தப்பித்த கடைகளிலேயே அது செலவாகும், வீடிழந்தவர் தன் பிள்ளைக்குத் தானே அளவு பார்த்துச் சட்டை வாங்குவார். பரிவு என்பது கொடுப்பவரின் மன நிறைவோடு முடிகிற விஷயம் இல்லையே.

ஜாப்ளினில் நடந்தவை

2011 மே 22, ஞாயிறு மாலை. மிசூரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அன்றுதான் பட்டமளிப்பு விழாவை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு கலைந்துகொண்டிருந்தார்கள். 5.41 மணி வாக்கில் இஎஃப் 5 டொர்னாடோ ஊரைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. 161 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஊரின் பெரிய மருத்துவமனையே செயலிழந்தது. புனித மரியாள் கத்தோலிக்கத் தேவாலயம் முழுவதும் இடிந்து, அதன் பெரிய சிலுவை மட்டும் நிமிர்ந்து நின்றது. பல ஆண்டுகளுக்கு அந்தப் படம்தான் ஜாப்ளினின் அடையாளமாக இருந்தது.

சிறுபிள்ளைகளிடமிருந்து ஒரு கதையும் கிளம்பியது. காற்று அடித்தபோது வண்ணத்துப்பூச்சிச் சிறகு கொண்ட மனிதர்கள் தங்களைக் காத்ததாகச் சில பிள்ளைகள் சொன்னார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நகர மையத்தில் வரைந்த பெரிய சுவரோவியத்திலும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. அது நடந்ததா என்று விசாரிப்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பயத்தைச் சொல்லத் தெரியாத வயதில் ஒரு குழந்தை அதற்கு ஓர் உருவம் கண்டுபிடித்திருக்கிறது. பெரியவர்கள் அதைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டார்கள். அதுவே பெரிய விஷயம்.

ஜாப்ளினில் நடந்தவற்றில் என் மனதை அதிகம் தொட்டது புகைப்படங்களின் கதை. டொர்னாடோ காகிதத்தை வானத்தில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்ப் போடும். அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் பறந்த ஒரு புகைப்படம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி டென்னசியில் கிடைத்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜாப்ளின் மக்களின் கல்யாணப் படங்களும் குழந்தைப் படங்களும் வயல்களிலும் வேலிகளிலும் சிதறிக் கிடந்தன. பக்கத்து ஊரான கார்த்தேஜில் உள்ள முதல் பாப்டிஸ்ட் தேவாலயம் அவற்றைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றது. தன்னார்வலர்கள் சேறு படிந்த ஒவ்வொரு படத்தையும் மெதுவாகக் கழுவி, உலர்த்தி, ஸ்கேன் செய்து, உரியவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல்லாயிரம் படங்கள். வீட்டை இன்சூரன்ஸ் கட்டித்தரும். இறந்துபோன அம்மாவின் ஒரே படத்தை யார் தருவார்கள்? எவரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் படத்தை இரு விரலால் ஓரத்தில் பிடித்துக் கழுவுகிறவரிடம் பிரசங்கத்தின் தேவையே இல்லை.

அடுத்த ஆண்டு, 2012 ஆகஸ்ட் 6 அன்று, ரமலான் மாதத்தில், ஜாப்ளினில் இருந்த பள்ளிவாசல் எரிந்து தரைமட்டமானது. அதே கோடையில் ஏற்கெனவே ஒருமுறை தீ வைத்திருந்தார்கள். இரண்டும் ஒருவர் வேண்டுமென்றே செய்தவை என்று பின்னர் நீதிமன்றத்தில் உறுதியானது. பதினைந்து மாதங்களுக்கு முன் தேவாலயங்களைக் காற்றிடம் இழந்திருந்த ஊர் அது. வழிபாட்டு இடம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்தவ சபைகள் முஸ்லிம் குடும்பங்களை நோன்பு திறக்க அழைத்தன. ஊரில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள் ஆதரவுக் கூட்டம் நடத்தினார்கள். இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் அழிந்துபோன மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்க 10 லட்சம் டாலர் வரை தந்தது ஐக்கிய அரபு அமீரகம்.

நம்பிக்கை இல்லாதவர்களின் இடம் எது என்ற கேள்வியும் உண்டு. 2013 மே 20 அன்று ஒக்லஹோமாவில் மூர் நகரை இஎஃப் 5 டொர்னாடோ தாக்கி 24 பேர் இறந்தார்கள்; ஒரு தொடக்கப் பள்ளியிலேயே ஏழு பிள்ளைகள். மறுநாள் நேரலையில், கைக்குழந்தையோடு தப்பித்த ஓர் இளம் தாயிடம் தொலைக்காட்சிச் செய்தியாளர் கடவுளுக்கு நன்றி சொன்னீர்களா என்று கேட்டார். தான் நாத்திகர் என்று அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். அதோடு, நன்றி சொல்கிறவர்களைத் தான் குறை சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு அவர் குடும்பத்துக்காக ஒரு லட்சம் டாலருக்கு மேல் நிதி திரண்டது. எல்லாவற்றையும் இழந்து நிற்கும் ஒருவரை, உதவிக்கு முன் ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லவைக்கக்கூடாது. தேசியக் கூட்டமைப்பில் சேர்ந்த அமைப்புகள் எழுத்திலேயே ஒப்புக்கொண்ட நெறி இது: பாதிக்கப்பட்டவரின் பலவீனமான நேரத்தை மதம் பரப்பப் பயன்படுத்தக்கூடாது. எல்லாக் குழுக்களும் எப்போதும் அதன்படி நடக்கின்றன என்று நினைக்கும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. ஆனாலும் அந்த நெறி எழுத்தில் இருப்பது நல்லது. மீறுகிறவரை நிறுத்திக் கேட்கலாம்.

கேமராக்கள் போனபிறகு

பேரிடர் உளவியலில் ஒரு வரைபடம் உண்டு. முதலில் வீரம்: முன்பின் தெரியாதவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் நேரம். அடுத்து தேனிலவு: ஊரே ஒன்றாக உண்டு, அழுது, கட்டியணைத்து நிற்கும் சில வாரங்கள். அதற்குப் பின் கோடு சட்டென்று கீழே விழுகிறது. அது ஏமாற்றத்தின் காலம். இன்சூரன்ஸ் பணம் போதவில்லை. தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தார்ப்பாய் கிழிந்து ஒழுகுகிறது. ஒவ்வொரு முறை வானம் இருட்டும்போதும் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாள் வரை, அதற்கு அப்பாலும், இது நீளும்.

வீடிழந்தவருக்கு நம்பிக்கை உண்மையில் தேவைப்படுவது இந்தக் காலத்தில்தான். தமிழில் கடவுள்மேல் வைப்பதற்கும் நாளைமேல் வைப்பதற்கும் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆறாவது மாதத்தில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தேதான் தேய்கின்றன.

மீட்சியின் இந்தக் கட்டத்துக்கு அமெரிக்க ஊர்களில் ஓர் அமைப்பு முறை இருக்கிறது. உள்ளூர் சபைகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நீண்டகால மீட்புக் குழு ஒன்றை அமைக்கும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு கேஸ் மேனேஜர் கிடைப்பார். மெதடிஸ்ட் சபையின் உதவி அமைப்பும் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பும் இந்த வேலைக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கின்றன. குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் என்ன தந்தது, கூட்டரசின் பேரிடர் முகமையான ஃபீமா என்ன தந்தது, இன்னும் எவ்வளவு துண்டு விழுகிறது என்று அவர் கணக்குப் பார்ப்பார். பிறகு அந்தக் கணக்கோடு ஒரு மேசைக்கு வருவார். அங்கே பல அமைப்புகள் உட்கார்ந்திருக்கும். ஒருவர் மரச்சாமானுக்குப் பணம் தருவார், ஒருவர் கட்டுமானத்துக்கு ஆள் தருவார், இன்னொருவர் சமையலறைச் சாதனங்களை ஏற்பார். பெயர் சொல்லாமல், தேவையை மட்டும் சொல்லி நடக்கும் பேச்சு அது. பார்ப்பதற்கு அலுவலகக் கூட்டம் போல இருக்கும். ஆனால் நான் படித்ததில் பரிவின் முழு உருவம் இந்த மேசையில்தான் தெரிகிறது.

தன்னார்வலரின் உழைப்புக்குப் பண மதிப்பும் உண்டு. இடிபாடு அகற்றுவது போன்ற பொதுச் செலவில் ஃபீமா குறைந்தது 75 சதவீதம் ஏற்கும். மீதியை மாநிலமும் ஊரும் போட வேண்டும். தன்னார்வலர்கள் உழைத்த மணிக்கணக்கு முறையாகப் பதிவாகியிருந்தால் அந்த மீதிக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். ஜாப்ளினில் கூட்டரசின் தன்னார்வச் சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸின் இளைஞர்கள் அன்றிரவே வந்து இறங்கி, வரும் ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிவைத்தது இதற்கும் உதவியது. கையெழுத்துப் போடச் சொன்னால் ‘நான் புகழுக்காக வரவில்லை’ என்று மறுப்பவர்கள் உண்டாம். போடத்தான் வேண்டும். அந்த ஊரின் கஜானாவுக்கு அது காசு. தேவாலயங்கள் தாங்களே இடிந்துபோனால் ஃபீமாவின் உதவிக்கு விண்ணப்பிக்க முடியும் என்ற நிலை 2018-ல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் காப்பீட்டையும் காணிக்கையையும் நம்பியே கட்டினார்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை. 2023 மார்ச் 24 வெள்ளி இரவு மிசிசிப்பியின் ரோலிங் ஃபோர்க் என்ற சிற்றூரை இஎஃப் 4 டொர்னாடோ அழித்தது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பெரும்பான்மை கறுப்பினத்தவர், வறுமை அதிகம், பலர் வாடகைக்கும் மொபைல் வீடுகளிலும் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் லேசான வீடுகள்) இருந்தவர்கள். சொந்த வீடு இருப்பவருக்கு வீடு கட்ட உதவி உண்டு. வாடகைக்கு இருந்தவருக்கு எதைக் கட்டுவது? பலர் மாதக்கணக்கில் வேறு ஊர்களின் விடுதி அறைகளில் இருந்தார்கள். ஞாயிறன்று திறந்த வெளியில் வழிபாடு நடந்தது. அதே ஞாயிறன்று எத்தனை பேர் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெரிய நகரத்துக்குப் போகும் லாரிகள் இந்த மாதிரி ஊருக்கும் வர வேண்டும். வந்தவர்கள் வீட்டு உரிமைப் பத்திரம் கேட்காமல் உதவத் தெரிந்திருக்க வேண்டும்.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது

தெற்கு மாநிலங்களில் டொர்னாடோவால் சாவு ஏன் அதிகம் என்று 1972-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஜான் சிம்ஸ், டுவேன் பாமன் என்பவர்கள். இல்லினாய்ஸ் மக்களையும் அலபாமா மக்களையும் ஒப்பிட்டு, அலபாமாவினர் எல்லாவற்றையும் கடவுள் கையில் விட்டுவிடுவதால் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழில் வந்ததால் நெடுநாள் அது வேதவாக்காக இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த முடிவைக் கேள்வி கேட்டார்கள். மிகச் சிலரிடம் கேட்ட பதிலிலிருந்து ஒரு பிரதேசத்தின் மனதையே வரைந்துவிட முடியுமா?

வேறு காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. தெற்கில் டொர்னாடோ இரவில் வருவது அதிகம். மலையும் காடும் மறைப்பதால் தூரத்தில் வருவது தெரியாது. நிலத்தடி அறை உள்ள வீடுகள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, மொபைல் வீடுகள். நாட்டில் டொர்னாடோவால் வீட்டுக்குள் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். ஏழையின் வீடு லேசாக இருப்பதை அவருடைய பக்தியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

கோஷனுக்கே திரும்பிப் போகலாம். அந்தத் தேவாலயத்தில் இருந்தவர்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்யவில்லை. அது அவர்களுக்கு வந்து சேரவே இல்லை. அதன்பின் அங்கு வந்த அன்றைய துணை அதிபர் அல் கோர் வானிலை வானொலியை நாடெங்கும் விரிவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். எச்சரிக்கை வந்ததும் தானே அலறும் சின்னப் பெட்டி அது. இன்று பல தேவாலயங்களில் அது ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆராதனை நேரத்தில் வானிலையைக் கவனிப்பது மட்டுமே வேலையாக ஒருவரை நியமித்திருக்கும் சபைகளும் உண்டு. மற்றவர்கள் கண்மூடி ஜெபிக்கும்போது அவர் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்.

சில சபைகள் மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றையும் தாங்கும்படி பாதுகாப்பு அறை கட்டி, அதை ஊருக்கே பொதுவாக்கியிருக்கின்றன. சுற்றியுள்ள மொபைல் வீடுகளில் இருப்பவர்கள், சபையைச் சேர்ந்தவரோ இல்லையோ, ஓடிவந்து ஒதுங்கலாம். இத்தனையும் செய்தபிறகு கடைசியில் ஒரு சின்ன விஷயம் மிஞ்சுகிறது. எச்சரிக்கை இரவு இரண்டு மணிக்கு வரும், கையில் பத்து நிமிடம்தான் இருக்கும். அந்த நேரத்தில் படுக்கையிலிருந்து எழுந்து, மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய், அந்தக் கதவைத் திறக்கப் போகிறவர் யார்? சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாத நாளில் இரண்டாவது சாவி யாரிடம் என்று சபைக் கூட்டத்தில் பேசி, பெயர்களை எழுதி, கதவிலேயே ஒட்டிவைக்க வேண்டியிருக்கிறது.